திருகைச் சுற்றி ஓர் இடைவெளி

செம்மறியாட்டின் தாடையெலும்பில் எலும்பை வளர்க்கும் புதிய எலும்புத்தூளை நிரப்பி, பக்கத்துக்கு ஒரு டைட்டானியம் திருகைப் பதித்திருந்தார்கள். திருகை எலும்பு பற்றிக்கொண்டிருந்தால் ஆய்வு தொடரும். இல்லையேல் இன்றைய மாலைக் கூட்டத்தோடு தூளுக்கு முழுக்கு. தூளை உருவாக்கிய அண்ணிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை.

வெட்டும் இயந்திரம் நாத்தனாரின் ஆட்சிக்குட்பட்டது. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே ஆய்வகம். ஆதலால் சண்டைக்கு இடம் தேடவேண்டியதில்லை. அண்ணி ரெசின் என்னும் பிசினில் இறுக வைத்த எலும்பையும் திருகையும் வைர அலகால் ஒருசேர அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து, நீலச் சாயமேற்றித் தந்தார் நாத்தனார்.

அண்ணி நுண்ணோக்கியில் குனிந்தார். திருகுக்கும் எலும்புக்கும் நடுவே வெள்ளைக் கோடாய் ஓர் இடைவெளி.

“போச்சு! எலும்பு பிடிக்கவே இல்ல.”

“தள்ளுங்க அண்ணி, பாக்குறேன். ஆமா, ரெசின இறுக வைக்கும்போது சூட்டக் கூட்டுனீங்களா?”

“கொஞ்சமா கூட்டினேன். கூட்டத்துக்குள்ள இறுகணும்ல?”

“அதான் ரெசின் சுருங்கி எலும்ப இழுத்திருக்கு. எங்க அண்ணன் கிளம்புற வரைக்கும் வாசல்ல பொறுமையா நிக்கிறீங்க, ரெசின்கிட்ட மட்டும் என்ன அவசரம்?”

“உன் அண்ணன வெப்பப் பெட்டில வைக்க முடியாதேடி!”

நாத்தனார் சிரித்துக்கொண்டே உருப்பெருக்கத்தைக் கூட்டினார். சிரிப்பு சட்டென நின்றது.

“அண்ணி, திருகோட ஓரத்தப் பாருங்க.”

திருகின் புரிகளில் நீல எலும்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. எதிர்ப்புற எலும்பில் அதே வடிவில் பள்ளங்கள். கிழித்த தாளின் இரு பாதிகளைப்போல அவை அச்சாகப் பொருந்தின.

“ரெசின் இழுத்த இழுப்புல எலும்பே கிழிஞ்சிருக்கு. ஆனா பிடிச்ச திருக மட்டும் விடல!” என்று அண்ணி கத்திய கத்தலில் பக்கத்து அறையினர் எட்டிப்பார்த்தனர்.

மாலைக் கூட்டத்தில் ஆய்வகத் தலைவி நுண்ணோக்கிப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“பிடிமானம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க அவசரத்தையும் அறிக்கைல எழுதணும். தாடையோட இன்னொரு பக்க எலும்பு இருக்குல்ல?”

“ஆல்கஹால்ல பத்திரமா இருக்கு மேடம்,” என்றார் நாத்தனார்.

“அத நிதானமா இறுக வையுங்க. தூள் வேலை நடக்கட்டும்.”

மறுநாள் வெப்பப் பெட்டி பூட்டியிருந்தது.

“சாவி எங்கடி?”

“அண்ணன்கிட்ட பத்திரமா வைக்கச் சொல்லிட்டேன். அவர் தேடி எடுக்குறதுக்குள்ள ரெசின் தானா இறுகிடும்.”