பாலக்கரைச் சுருட்டுக் கம்பெனியின் இருமல்கள்

1934-ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கிளமென்டைக் கல்லறையில் வைத்து மண்ணைத் தள்ளினார்கள். மறுநாள் காலை சரியாக எட்டு மணிக்கு அவன் பாலக்கரை மணவாளா சுருட்டுக் கம்பெனியில் வழக்கம்போல் இருமினான். மூன்று இருமல். முதல் இரண்டும் சின்னவை. மூன்றாவது, மணலில் மாட்டிக்கொண்ட வண்டிச் சக்கரம்போல் இழுத்து இழுத்து நின்றது. பலகையில் சுருட்டு உருட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே அவனுடைய பலகை இருந்தது, அவன் இல்லை. மேஸ்திரி தைரியராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தவறவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டு, "ம், கையை ஓட்டுங்க" என்றார். எல்லோரும் கையை ஓட்டினார்கள். கிளமென்டின் மனைவி அக்னஸ், அதே கம்பெனியில் இலையின் நடு நரம்பை உரிக்கிறவள், எட்டாம் நாள் பூசை முடிந்து ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். இருமல் அவளுக்காக அங்கே காத்திருந்தது. அவள் அழவில்லை. தன் மணையைத் தூக்கிக்கொண்டு போய் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே போட்டுக்கொண்டாள்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் மொத்தம் எட்டு ஜன்னல்கள். எட்டையும் ஈரச் சாக்கு அடைத்து மண் பூசி மூடியிருந்தது. புகையிலையை வெல்லத் தண்ணீரிலும் பழச்சாற்றிலும் ஊறவைத்துப் பதம் பண்ணுகிறார்கள். அந்த வாசனைதான் சுருட்டின் உயிர். ஜன்னலைத் திறந்தால் உயிர் போய்விடும் என்பது முதலாளி அழகியமணவாளனின் சித்தாந்தம். மனுஷ உயிரைப் பற்றி அவரிடம் சித்தாந்தம் எதுவும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. அனுஷ்டானம் தவறாதவர். வாரம் ஒரு முறை ஜட்காவில் காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்து, கம்பெனி வாசலோடு நின்று, மூக்கை அங்கவஸ்திரத்தால் மூடிக்கொண்டு விசாரித்துவிட்டு, திரும்பிப் போய்த் தலைக்கு ஸ்நானம் பண்ணுவார். புகையிலை தொட்டால் தீட்டு. புகையிலையில் வந்த மாடி வீட்டுக்கும் மனைவியின் வைரத்தோட்டுக்கும் தீட்டு ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அவரே முதலில் சொல்லியிருப்பார்.

எட்டு ஜன்னலும் மூடிய கட்டடத்தில் உள்ளே போன தூசி எப்படி வெளியேறாதோ, அப்படியே இருமலும் வெளியேறவில்லை. செத்தவர்களின் இருமல் மட்டும் அல்ல. உயிரோடு இருக்கிறவர்கள் சாயங்காலம் சங்கு ஊதி வீட்டுக்குப் போகும்போதும் அவரவர் இருமல் உள்ளேயே தங்கிவிடும், காலையில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதனால் மணவாளா கம்பெனி ஆட்கள் வீட்டில் ஒருவரும் இருமியது கிடையாது. பாலக்கரையில் அவர்கள் நல்ல ஆரோக்கியசாலிகள் என்று பெயர். பெண் கொடுக்கப் போட்டி இருந்தது. கொடுத்த பெண்கள் முப்பது வயதில் வெள்ளைப் புடவைக்கு மாறும்போதுதான் விஷயம் புரியும்; அதற்குள் அவர்களும் கம்பெனியில் இலை உரித்துக்கொண்டிருப்பார்கள். அக்னஸுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் சங்கு ஊதியதும் எல்லோரையும் முன்னே விட்டு, கடைசியாக எழுந்து, காலிப் பலகையைப் பார்த்து, "போயிட்டு வரேங்க" என்பாள். கிளமென்ட் மூன்று முறை இருமுவான். ஊரில் எத்தனையோ பேருடைய உயிருள்ள புருஷன்கள் இந்த அளவுகூடப் பதில் சொல்வதில்லை.

1936-இல் மதராஸிலிருந்து ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். தூசியில் முகம் தெரியாததால் ஆட்களைக் காதால் எண்ணினார். பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர்; இருமியது எண்பத்தொன்று. பத்தொன்பது பேரை மறைத்து வேலை வாங்குவதாகக் குற்றம் எழுதினார். முதலாளி பதறிப்போய், அவர்கள் செத்துப்போனவர்கள் என்று விளக்கினார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே, "அவங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றார் முதலாளி. அதைத் தனிக் குற்றமாக எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் ரயிலேறினார். எட்டு ஜன்னல்களைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை, ஏனென்றால் இருட்டில் அவை ஜன்னல்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அபராதம் கட்டிய கையோடு அழகியமணவாளனுக்குத் தொழிலாளர் ஆரோக்கியத்தில் ஆர்வம் பிறந்தது. சும்மா இருந்த மருமான் தேசிகனை ஆரோக்கிய சூப்பிரண்டாக நியமித்தார். தேசிகன் எஃப்.ஏ. தேறாதவன், ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் ஒரு பெரிய நோட்டு வாங்கி, நீள நீளமாகக் கோடு போட்டு, இருமுபவர்கள், இருமக்கூடியவர்கள், குணமடைந்தவர்கள் என்று தலைப்புக் கொடுத்தான். வாசலில் ஒரு பலகை மாட்டி, 'இருமல் இல்லாத நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே தினமும் காலையில் பூஜ்யத்தை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டான். செவ்வாய்க்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு துண்டு சுக்கு. வியாழக்கிழமை ஆரோக்கியக் கமிட்டி, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஸ்ரீரங்கத்தில் முதலாளி வீட்டு மாடியில் கூடும். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தர்காவிலிருந்து தாஜுதீன் வந்து ஓதி ஊதினார். உத்தர வீதியிலிருந்து பட்டாச்சாரியார் பெருமாள் தீர்த்தம் மட்டும் கொடுத்தனுப்பினார், அவர் வரவில்லை. மூன்று பேருக்கும் மரியாதை கொடுத்து இருமல்கள் அரை மணி நேரம் அடங்கியிருந்துவிட்டுப் பிறகு தொடர்ந்தன. இத்தனை யோசனைகளிலும் ஜன்னலைத் திறக்கலாம் என்ற யோசனை மட்டும் கமிட்டியில் யாருக்கும் வரவில்லை. கம்பெனியில் ஒருத்திக்கு வந்தது. ஜன்னல் திறந்தால் கிளமென்ட் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அக்னஸ் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதைச் சொல்லாமல் விழுங்கினாள்.

அடுத்த வருஷம் அவளுடைய மகள் டோரதி, பதினேழு வயது, கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். லேபிள் ஒட்டுகிற மூலையில் தூசி குறைவு என்று தைரியராஜ் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. மற்ற மூலைகளைவிடக் குறைவுதான். டோரதி வீட்டில் சிரித்த முகமாக இருந்தாள், கோயில் பாட்டுக் குழுவில் பாடினாள், ஒரு நாள்கூட இருமவில்லை. அக்னஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைத்தாள்.

1938 பங்குனியில் சுருட்டுகளே இரும ஆரம்பித்தன. முதல் கடிதம் ரங்கூனிலிருந்து வந்தது, அடுத்தது லண்டனிலிருந்து. கிளப்பில் துரைமார்கள் சுருட்டைப் பற்றவைத்தவுடன், அவர்கள் இருமுவதற்கு முன்னால் சுருட்டு இருமியதாம். ஒரு துரை, சுருட்டு இருமுவதைக்கூடத் தாம் பொறுத்துக்கொள்வதாகவும், அது தமிழில் இருமுவதைத்தான் கிளப் அங்கத்தினர்கள் ஆட்சேபிப்பதாகவும் எழுதியிருந்தார். பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. அழகியமணவாளன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தொழிலாளியின் நெஞ்சுக்கும் தம் நெஞ்சுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஜன்னலைத் திறந்து பார்க்கலாமா மாமா?" என்று தேசிகன், தவறிப்போய், கேட்டான்.

"அசடே, வாசனை போயிடுத்துன்னா அப்புறம் எதை விக்கறது? இருமறவாளை நிறுத்திடு. இருமல் தன்னால நிக்கும்" என்றார் முதலாளி.

ஆகவே இருமினால் வேலை இல்லை என்று உத்தரவு போட்டு ஒட்டினார்கள். இறந்தவர்களை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பதால் உத்தரவு உயிரோடு இருந்தவர்கள்மேல் மட்டும் பாய்ந்தது. முதல் வாரத்தில் ஏழு பேர் போனார்கள். மற்றவர்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு, கண் பிதுங்க, வந்த இருமலை அடக்கி உள்ளே தள்ளினார்கள். தேசிகன் நோட்டில் இருமுபவர்கள் பத்தி காலியாகிக்கொண்டே வந்தது, வியாழக்கிழமைக் கமிட்டியில் அவனுக்கு ரவா கேசரி கொடுத்துப் பாராட்டினார்கள்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். அக்னஸ் போகவில்லை, கிளமென்டோடு தனியாக இருக்க அவளுக்குக் கிடைப்பது அந்த அரை மணிதான். அடக்கிய இருமல்கள் ஆள் வெளியே போனதும் தாமாக எழுந்து இருமிக்கொண்டிருந்தன. அவளுக்கு ஒவ்வொன்றும் ஆள் தெரியும்: இது செபஸ்தி, இது கமர் ஜஹான், தைரியராஜுடையதுகூட இருக்கிறது, மேஸ்திரி கமுக்கமான ஆள்தான். கிளமென்ட் தன் மூன்றை இருமி முடித்தான். முடித்த உடனே, லேபிள் ஒட்டும் மூலையிலிருந்து, மெல்லிசாக ஒன்று எழுந்தது. மூன்று இருமல். முதல் இரண்டும் சின்னவை. மூன்றாவது இழுத்தது.

அக்னஸ் கையில் இருந்த இலை கீழே விழுந்தது. "ஏங்க," என்றாள் காலிப் பலகையைப் பார்த்து, "இது நம்ம டோரதியாங்க?"

நாலு வருஷத்தில் முதல் முறையாக கிளமென்ட் பதில் சொல்லவில்லை. நாலு வருஷம் தன் புருஷனைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்த அறையில்தான் தன் பெண்ணையும் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. முதலாளியைத் திட்டவில்லை; அதற்கு நேரமில்லை. நரம்பு உரிக்கும் கத்தியை எடுத்து, மணையின்மேல் ஏறி நின்று, மூன்றாவது ஜன்னலின் மண்ணைக் குத்திப் பெயர்த்தாள். சாக்கைப் பிடுங்கினாள். கதவு விரிந்தது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இருமல் எம்மாத்திரம். காற்று உள்ளே புகுந்து ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. செத்தவர்களுடையவை முதலில், வேலை போனவர்களுடையவை அடுத்து. தெரு முழுக்க இருமிக்கொண்டே அவை கிழக்கே அரியமங்கலம் பக்கம் போயின. ஒன்று மட்டும் ஜன்னல் விளிம்பில் நின்றது. நின்று, தயங்கி, ஒரு முறை மெதுவாக இருமியது.

அக்னஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் நான்தானே போயிட்டு வரேங்க, போயிட்டு வரேங்கன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னைக்கு நீங்க போங்க. திரும்பி வரேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அது போயிற்று. அதன் பிறகுதான் அவள் அழுதாள், நன்றாக, வாய்விட்டு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்ற ஏழு ஜன்னல்களையும் திறந்தாள்.

வாசனையும் வெளியே போனது உண்மைதான். பாலக்கரைக் கடைத்தெருவில் போனவர்கள் அதை மோந்துகொண்டே பின்தொடர்ந்து வந்து கம்பெனி வாசலில் சுருட்டுக் கேட்டு நின்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு அக்னஸை விரட்டுவதற்காக ஜட்காவில் பாய்ந்து வந்த முதலாளி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, விரட்டுவதைத் தள்ளி வைத்தார். வெளிச்சம் வந்ததால் எது நல்ல இலை, எது பூசணம் பிடித்தது என்று உருட்டுகிறவர்களுக்கு முதல் முறையாகத் தெரிந்தது. நிறுத்திய ஏழு பேரில் உயிரோடு இருந்த ஐந்து பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சரக்கு இருமவில்லை. ரங்கூன் மறுபடி எழுதியது, லண்டனும் எழுதியது. வருஷம் திரும்புவதற்குள் அழகியமணவாளன் தெப்பக்குளத்தருகே வர்த்தகர் மகாசபையில், தொழிலாளியின் மூச்சே முதலாளியின் மூலதனம் என்று ஒரு மணி நேரம் பேசி மாலை வாங்கிக்கொண்டார். எட்டு ஜன்னல் யோசனை பெருமாள் கடாட்சத்தால் தமக்குத் தோன்றியது என்றார். மூன்றாவது ஜன்னல் முன்னால் அவரை நிறுத்திப் போட்டோ பிடித்தார்கள். மணையோடு சற்று நகர்ந்து உட்காரும்படி அக்னஸிடம் சொன்னார்கள். கம்பெனிச் சுவரைச் சேதப்படுத்தியதற்காக அவளுக்கு அரை நாள் கூலி பிடித்திருந்தார்கள், கத்தி முனை மழுங்கியதற்கு இன்னொரு அரை நாள்.

டோரதியின் இருமல் தை மாதத்துக்குள் நின்றது. அந்தப் பெண் இன்று கூட்டப்பள்ளி பக்கம் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். கிளமென்டின் இருமல், அக்னஸ் சொன்ன சொல்லைத் தட்டாமல், உள்ளே வரவே இல்லை. ஆனால் ஆடி மாதங்களில், காற்று அடிக்கும் காலைகளில், எட்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே தெருவோடு மூன்று முறை இருமிக்கொண்டு போகும். எதிர்க் கடை ஜெகபர் அலி அதைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். 1939-இல் மூன்றாவது இருமல் கொஞ்சம்தான் இழுத்தது. 1940-இல் இழுக்கவே இல்லை. 1941 ஆடியில் எட்டு மணிக்கு எல்லோரும் கையை நிறுத்திக் காத்திருந்தார்கள், காற்று மட்டும் வந்தது. செத்து ஏழு வருஷம் கழித்து கிளமென்டுக்கு இருமல் குணமாகிவிட்டது என்று அக்னஸ் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள், அவர்களும் அப்படித்தான் தோன்றுகிறது என்றார்கள். செய்தி கேட்டு தேசிகன் நோட்டோடு ஓடி வந்தான். ஐந்து வருஷமாகக் காலியாக இருந்த 'குணமடைந்தவர்கள்' பத்தியில் முத்து முத்தாக கிளமென்டின் பெயரை எழுதி, முதலாளியின் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனான்.