ஷாப்ட் வாசலில் நின்றவள்

தம்மபாலன் அடித்தானா? இல்லை. குடித்தானா? அதுவும் இல்லை. வேறொருத்தி உண்டா? அந்த மனுஷனுக்கா, நல்ல கதை! பின்னே எதற்காக யசோதா அவனை விட்டுவிட்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கேட்காத ஆள் இல்லை. ஏழு வருஷம் ஒரே அறையில் இருந்தும் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போனதை யாரிடம் போய்ச் சொல்வது? அடி வாங்கியிருந்தாலாவது தழும்பைக் காட்டியிருக்கலாம்.

ராபர்ட்சன்பேட்டை வக்கீல்தான் வழி சொன்னார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்ல வேண்டாம், இருவரும் சம்மதித்தால் போதும். புத்தர் படத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கும் இந்து சட்டம்தானாம். தம்மபாலன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். ஆறு மாதம் யோசித்துவிட்டு இருவரும் மறுபடி வந்து சொல்லுங்கள், ஒருவர் மனம் மாறினாலும் விவாகரத்து கிடையாது என்றது கோர்ட்.

அந்தக் கெடு முடிகிற வாரம், ஒருநாள் பகலில் அக்கா வீடு குலுங்கியது. பலகையிலிருந்த தம்ளர்கள் உருண்டு விழுந்தன. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடு ஆடும். பெண்கள் போட்டது போட்டபடி, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட்டைப் பார்த்து ஓடினார்கள். யசோதாவும் ஓடினாள், செருப்புகூட இல்லாமல்.

ஷாப்ட் வாசலில் பழைய பக்கத்துவீட்டு மங்கம்மா அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். "முன்னாடி வாம்மே. உங்க வூட்டுக்காரரும் கீழதான் கீறாரு."

யசோதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடி வரும்போதே ஒரு நினைப்பு வந்திருந்தது. அவர் போய்விட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், புருஷனை விட்டவள் என்று யாரும் பேச மாட்டார்கள். ஒரு நொடிதான். ஒரு கெடுதலும் செய்யாத மனுஷனின் சாவில் தன் மானத்தைத் தேடியிருக்கிறாள். சீ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வந்தது. அடுத்ததும் வந்தது. அதில் தம்மபாலன் இருந்தான். முகமெல்லாம் புழுதி, காயம் இல்லை.

"இன்னாப்பா, கோர்ட்டு கேஸுன்னாங்க? சம்சாரம் செருப்பில்லாம ஓடியாந்துகீறாங்க!" என்றான் கூட வந்தவன். தம்மபாலன் சிரித்தான். நாலு பேர் நடுவில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கூட்டத்தை விட்டு ஓரமாக வந்ததும் சொன்னான். "நீ வருவேன்னு நெனைக்கல யசோதா. கோர்ட்ல எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிடறேன். வூட்டுக்கு வந்துடு."

தலையை ஆட்டினால் போதும். லைனே கொண்டாடும். ஆனால் தினமும் அந்தச் சிரிப்புக்கு முன்னால் உட்கார்ந்து சோறு போட வேண்டும்.

"நான் நல்ல நெனப்போட ஓடியாரல," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க செத்துட்டா கோர்ட்டுக்குப் போவ வேணாம்னு நெனச்சேன். நெனச்சிக்கினேதான் ஓடியாந்தேன்."

அவன் தொப்பியைக் கழற்றி வெகுநேரம் புழுதியைத் துடைத்தான். தூரத்தில் அந்தக் கூட்டாளி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கோர்ட்டுக்கு எந்தக் கிழமை போவணும்?"

"புதன்."

"சரி. லீவு சொல்லிட்டு வந்துடறேன்." நாலடி நடந்தவன் திரும்பி அவள் காலைப் பார்த்தான். "வெயிலு காயுது. நெழலு பாத்து நடந்து போ."

ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் அந்த மனுஷன்.