சத்திரத்தில் மூன்று இரவு

"இந்த ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் ஆடி முடிச்சவங்க மட்டும் கொஞ்சம் கை தூக்குங்க."

மகினோ சுசுனா இதைக் கேட்டபோது அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் முன்னாலும் ஏழாவது பாகத்தின் கதைத்தாள் விரிந்து கிடந்தது. 'ஏழு துறை' என்ற வீடியோ கேம் வரிசையின் மூன்றாவது ஆட்டத்தை இந்த ஸ்டூடியோ அனிமே தொடராக எடுக்கிறது. ஆறு பாகங்கள் இப்படித்தான், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டில் தேநீர் குடித்து, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்து முடிந்தன. வேலையில் சேர்ந்த முதல் நாளே மூத்தவளான தெஜிமா சுசுனாவைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தாள்: "கதை படிக்கிற கூட்டத்துல ரெண்டு கேள்வி கேக்கவே கூடாது. யாருக்கு எவ்வளவு சம்பளம்னு கேக்காத. யாரு ஆட்டத்த ஆடினாங்கன்னு கேக்காத. முதல் கேள்வியையாவது மன்னிச்சிடுவாங்க."

ஒரு கையும் மேலே போகவில்லை. தெஜிமா பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். இயக்குநர் தொண்டையைச் செருமி, தான் வீடியோவாகப் பார்த்துவிட்டதாகவும், நேரம் போதாமல் இரட்டை வேகத்தில் ஓட்டியதாகவும் சொன்னார். கதை எழுதிய மொகாமிதான் முதலில் சிரித்தார்.

"மகினோ சான், அது எண்பது மணி நேர ஆட்டம். எனக்குக் குடும்பம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சுசுனாவுக்குக் காது மடல் சுட்டது. எண்பது மணி நேரம் அவளுடைய குடும்பத்துக்கும் கிடையாதுதான். அவளுடைய அம்மா யாய்சு துறைமுகத்தில் மீன் டப்பாத் தொழிற்சாலையில் சூரை மீனின் கறுப்புச் சதையைச் செதுக்கி எடுக்கிறவள். காலை ஐந்தரைக்குப் போனால் மாலை நான்குக்கு வருவாள். வந்ததும் மேசைக்கடியில் காலை நீட்டி, பழைய கடையில் வாங்கிய கன்ட்ரோலரைக் கையில் எடுப்பாள். பக்கத்தில் சுசுனா நுழைவுத் தேர்வுக்குக் கணக்குப் போடுவாள். கதை நகரும் இடங்களை மகள் ஆடவேண்டும். வீரர்களைப் பலப்படுத்துவதற்காக ஒரே சதுப்பு நிலத்தில் ஒரே தவளைகளை நூறு முறை அடிக்கிற வேலை அம்மாவுக்கு. "இது எனக்குத் தெரிஞ்ச வேலைதான் சுசு. ஒரே வெட்டு, ஆயிரம் தடவ," என்பாள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் சுசுனா. அவள் அங்கே போய்ச் சேர்ந்ததில் அந்தத் தவளைகளுக்கும் பங்கு உண்டு என்றுதான் அவள் இன்றுவரை நம்புகிறாள். எனவே, 'எனக்குக் குடும்பம் இருக்கு' என்ற சொல் அவளுக்கு நகைச்சுவையாகப் படவில்லை.

"ஆடாமலேயே எழுதலாம் மொகாமி சென்செய். ஆனா ஓர்தா ஏன் சாகறான்னு தெரியாம எழுத முடியாது," என்றாள்.

ஓர்தா நான்காம் அத்தியாயத்தில் வரும் துறைக்காரி. ஆற்றைக் கடத்தி விடுகிறவள். அந்த ஆட்டம் முழுவதிலும் உழைத்துச் சாப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்; மற்றவர்கள் இளவரசிகள், மந்திரவாதிகள், யாருக்கோ பிறந்து யாரிடமோ வளர்ந்த வாள்வீரர்கள். உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய நாயகனை அவள் 'மூட்டை' என்றுதான் கூப்பிடுவாள். 'ஏ மூட்டை, நடுவுல உக்காரு, படகு சாயுது.' இந்த வசனம் வரும்போதெல்லாம் அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். மொகாமியின் ஏழாவது பாகத்தில் அதே ஓர்தா நாயகனின் மடியில் தலைவைத்து, மழையில் நனைந்து, 'உங்களைச் சுமந்த படகாக இருந்ததே என் பாக்கியம்' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இந்த வரியை நேற்று முதல்முறை படித்தபோது சுசுனா தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய், முகத்தைக் கழுவினாள். இரண்டாம் முறை படித்தபோது கழுவத் தோன்றவில்லை.

"ஏன் சாகறாளா? அவ செத்தாத்தானே நாயகன் வளருவான்," என்றார் மொகாமி. "அதோட இது நானா கட்டினது இல்ல. மூலத்துலயே அப்படித்தான். இணையத்துல ஒரு வழிகாட்டிப் பக்கம் இருக்கு பாருங்க, அத நான் ஒரு எழுத்து விடாம படிச்சிருக்கேன். அந்த மாதிரி உழைப்பு இங்க யாருகிட்டயும் இல்ல. அதுலயே போட்டிருக்கு: 'என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது.'"

"தெரியும். அத எழுதினது நான்தான். பதினஞ்சு வயசுல. அது பொய்."

தெஜிமாவின் பேனா மூடி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம் தேவைக்கு மேல் அதிகம்.

வேறு எந்த ஆட்டத்திலும் சத்திரத்தில் படுத்து எழுவதற்கு விலை கிடையாது. காயம் ஆறும், பொழுது விடியும், உலகம் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் நூறு இரவு தூங்கினாலும் எதிரி கோட்டைக் கதவில் கைவைத்தபடி அப்படியே இருப்பான். 'ஏழு துறை' மூன்றில், அந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும், காலம் ஓடியது. நாயகனின் படை வரும்வரை துறையைத் தான் ஒருத்தியே பார்த்துக்கொள்வதாகவும் சீக்கிரம் வரும்படியும் ஓர்தா சொல்லி அனுப்புவாள். மூன்று இரவு தூங்கினால் அவள் இருக்கமாட்டாள். இதை ஆட்டம் எங்கேயும் சொல்லாது. துறைக்குப் போனால் படகு கட்டிக் கிடக்கும்; அதில் வேறொரு ஆள் உட்கார்ந்து 'எத்தனை பேர்?' என்று மட்டும் கேட்பான். இசை இல்லை, மழை இல்லை, மடி இல்லை.

மூன்று இரவும் தூங்க வைத்தது அம்மா. சண்டைக்கு முன்னால் வீரர்களைச் சத்திரத்தில் படுக்க வைக்காமல் அவள் ஓர் அடி நகர்ந்ததில்லை. விரல் வெட்டுப்பட்டால் மேலே ரப்பர் உறையை மாட்டி மறுபடி மேசைக்கு அனுப்புகிற மேற்பார்வையாளனிடம் இருபது வருடம் வேலை செய்தவள். "காயத்தோட ஆள வேலைக்கு அனுப்பறது பாவம்," என்பாள். அந்தப் புது ஆள் 'எத்தனை பேர்?' என்று கேட்டதும் அம்மா கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "நாம தூங்கினதாலயா சுசு?" என்று கேட்டாள். அதற்குப்பின் இரண்டு நாள் அவள் மேசைக்கடியில் காலை நீட்டவில்லை. மூன்றாம் நாள் சுசுனா அந்த வழிகாட்டிப் பக்கத்தைத் தொடங்கினாள். முதலில் எழுதிய வரியே 'என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது' என்பதுதான். அம்மாவிடம் கைப்பேசியை நீட்டினாள். அம்மா இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப சரி," என்று ஆட வந்து உட்கார்ந்தாள். பொய்யைப் பொய்யென்று யாரும் சொல்லிவிடாதபடி மற்ற பக்கங்களைச் சுசுனா அவ்வளவு சரியாக எழுதினாள். ஒவ்வொரு பெட்டியும், ஒவ்வொரு கதவும். 'ஓர்தாவைக் காப்பாற்றலாமே' என்று கீழே வந்த பின்னூட்டங்களை ஒன்றுவிடாமல் அழித்தாள். ஓர்தாவைக் கொன்றதில் தன் பங்கு மொகாமியின் பங்குக்குக் குறைந்ததில்லை என்று நேற்றிலிருந்து அவளுக்குத் தெரியும். கோபம் அதனால் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

இதில் பாதியைத்தான் கூட்டத்தில் சொன்னாள். அந்தப் பாதிக்கே, கேம் நிறுவனத்தின் உரிமப் பிரிவிலிருந்து வந்திருந்த நுமாஜிரி பவ்யமாகக் கையை உயர்த்தினார்.

"மன்னிக்கணும். ஏழாவது பாகத்துக்கு நாங்க ஒப்புதல் முத்திரை போட்டாச்சு. ஆட்டத்தைச் செஞ்சவங்க யாரும் இப்ப எங்ககிட்ட இல்லீங்க. அதனால நாங்களும்... அந்தப் பக்கத்தோடதான் ஒப்பிட்டுப் பார்த்தோம்."

தயாரிப்பாளர் ஹிராத்சுகா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"அட, அப்ப மூலமே நம்ம ஆளுதானா! பிரமாதம். மகினோ சான், கடைசில பேரு ஓடறப்ப 'கதை உலக ஆலோசனை'ன்னு உங்க பேரத் தனியாப் போட்டுடறேன். சேர்ந்து ரெண்டு வருஷத்துல யாருக்கும் கிடைக்காது. ஊர்ல அம்மா டிவில பாப்பாங்க இல்ல?"

அவர் கெட்டவர் அல்ல. அம்மாவைப் பற்றிக் கேட்டதும் உண்மையான அன்பில்தான். அதுதான் சுசுனாவுக்குத் தாங்கவில்லை. அம்மா பார்ப்பாள். தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லி, எல்லோரையும் பார்க்க வைப்பாள். மழையையும் மடியையும் பார்த்து, 'என் பாக்கியம்' என்று ஓர்தா சொல்வதைக் கேட்டு, எப்படியும் செத்திருப்பாள்தான் என்று இன்னொரு முறை நிம்மதிப்படுவாள். அதன்கீழ் மகளின் பெயர் ஓடும்.

"அம்மா பேரையும் போடுவீங்களா? மூணு தடவ பொத்தான அழுத்தினது அவங்கதான்."

"என்ன சொல்றீங்கன்னு புரியல."

"ஓர்தா பிழைக்கணும். இல்லன்னா நாயகன் தூங்கினதாலதான் அவ செத்தான்னு காட்டணும். ரெண்டுல ஒண்ணு. அவன் வளர்றதுக்கு ஒருத்தி சாக வேண்டாம். அவன் முழிச்சுட்டு இருந்தாலே போதும்."

மொகாமி தாளை மூடினார். "தூங்கற நாயகன எவன் பாப்பான்?"

"நாங்க பாத்தோம்."

ஹிராத்சுகாவின் சிரிப்பு போய்விட்டது. காட்சிப் படங்கள் வரைந்தாகிவிட்டன, குரல் கொடுப்பவளுக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஒரு சின்னப் பாத்திரத்துக்காகப் பத்துப் பேரின் மூன்று வார வேலையைக் கிழிக்க முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாம் உண்மை. சுசுனா கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் என் பக்கத்தத் திருத்திடறேன். இன்னிக்கே."

"ஒளிபரப்புக்கு முன்னாடியா? ஏழாவது பாகம் மூலத்துக்கு மாறானதுன்னு அதுலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வேலை போகும் மகினோ சான். பயமுறுத்தறதா நினைக்காதீங்க."

"காலையிலயே ராஜினாமாக் கடிதம் குடுத்துட்டேன். தெஜிமா சான் மேசைல இருக்கு."

எல்லோரும் தெஜிமாவைப் பார்த்தார்கள். தெஜிமா தன் தாளைப் பார்த்தாள். "இருக்கு," என்றாள் மெதுவாக. "தேதி கூட சரியாத்தான் போட்டிருக்கா."

சுசுனா எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். குனிந்து வணங்கினாள், பழக்கம். மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்கு யாய்சுவில் சாப்பாட்டு மணி அடிக்கும். அம்மா கையுறையைக் கழற்றி, கையை இரண்டு முறை கழுவி, வெளியே வந்து கைப்பேசியைப் பார்ப்பாள். பக்கத்தைத் திருத்துவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருடம் கழித்து. எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை; சொல்லாமல் இருக்கப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வெளியே போக, படம் வரைபவர்களின் கூடத்தைத் தாண்டவேண்டும். ஜன்னலோர மேசையில் ஒரு பெண், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, ஒளிப்பலகைமேல் பென்சிலால் ஒரு கையை வரைந்துகொண்டிருந்தாள். மடியிலிருந்து நழுவுகிற கை. பக்கத்தில் அதே கையின் முந்தைய நிலைகள், பதினைந்து தாள்களாவது இருக்கும். சுசுனாவின் நிழல் விழுந்ததும் அவள் நிமிராமலேயே கேட்டாள்.

"விரல் சரியா வந்திருக்கா பாருங்க. மணிக்கட்டு தொங்கற மாதிரி இருக்கா?"

சுசுனா பார்த்தாள். மெலிந்த, வெள்ளையான, அழகான கை.

"காய்ப்பு இல்லையே," என்றாள். "துடுப்பு போடற கை."

அந்தப் பெண் ஒரு காதிலிருந்து பாட்டை எடுத்தாள். "துடுப்பு போடறவளா? எனக்கு யாருமே சொல்லல." தாள்களை ஒருமுறை கலைத்துப் பார்த்து, உச்சுக்கொட்டி, அடிப்பக்கத்தில் இருந்த முதல் தாளை உருவி மேலே வைத்து, அழிப்பானை எடுத்தாள்.

படியிறங்கும் வரை அழிப்பான் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கீழே வெயில் தெருவை நிறைத்திருந்தது. சுசுனா கைப்பேசியை எடுத்தபடி அதில் இறங்கி நடந்தாள்.