வால்கொழுப்பு தடவிய கட்டி

சாகினாலிக்கு ஊசி என்றாலே ஆகாது. தனக்குப் போட்டால் பரவாயில்லை, நாய்க்குப் போடக் கூடாது. கட்டியில் ஊசி குத்தினால் உள்ளே அடங்கிக் கிடக்கும் நோய் கிளம்பிவிடும் என்பது அத்பாஷி மலைப்பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லோருடைய தீர்மானம்.

"குத்தாமப் பாக்குற மெஷின் வந்திருக்காமே, தங்கச்சி? அதை மட்டும் வை. ஊசியை எடுத்தே, நாயைத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"உள்ள வாங்கண்ணே. உங்களைக் குத்தணும்போல இருக்கு, அதையும் அடக்கிக்கிறேன்" என்றேன். நாரின் நகரில் கால்நடை வைத்தியம் பார்ப்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

அவருடைய அக்தோஷ் வேட்டைக்குப் பழகிய பெட்டை நாய். விலா ஓரத்தில் அக்ரூட் அளவு கட்டி. மனைவி போன பிறகு சாகினாலியின் வீட்டில் அவரைத் தவிர மூச்சுவிடும் உயிர் அது ஒன்றுதான்.

அந்தக் கருவி கட்டியை லேசாகச் சூடாக்கி, சூடு எப்படித் தணிகிறது என்று பார்த்து, பத்துக்குள் ஓர் எண்ணைக் காட்டும். எண் சின்னதாக வந்தால் வீட்டுக்குப் போகலாம். பெரிதாக வந்தால் ஊசி போட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். முடியை மழித்துவிட்டு வைத்தேன். இரண்டு என்று வந்தது.

சாகினாலி நாயின் நெற்றியில் முத்தமிட்டார். "நான் சொன்னேன்ல! கொழுப்பு கரைச்சிடுச்சு!"

"எந்தக் கொழுப்பு?"

"ஆட்டு வால்கொழுப்புதான். உருக்கிச் சூடாத் தேச்சு, கம்பளியால கட்டித்தான் வழிபூராக் கூட்டியாந்தேன். இப்பதான் வாசல்ல அவுத்தேன். மெஷின் அழுக்காகக் கூடாதுன்னு வோட்காவால துடைச்சும் விட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மழிக்கும்போதே கொழுப்பு வாடை அடித்தது. இந்த ஊரில் யாரிடம்தான் அது அடிக்காது என்று விட்டுவிட்டேனே!

"அண்ணே, அது சூட்டை வச்சுச் சொல்ற மெஷின்! நீங்க சூட்டையே மாத்திட்டு வந்து நிக்கிறீங்க!"

"நல்லதுன்னு சொல்லிடுச்சில்ல? விடேன்."

விட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். தோல் பழைய நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தோம். அவர் உட்காரவில்லை. ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது. மறுபடி வைத்தேன்.

எட்டு.

அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "கொழுப்பைத் தடவிட்டு இன்னொரு தடவை வச்சுப் பாப்பமா?"

கேலிக்குக் கேட்கவில்லை.

"எட்டுன்னா புத்துநோய்னு அர்த்தமில்லண்ணே. சந்தேகம், அவ்வளவுதான். ஊசி போட்டாத்தான் தெரியும். அதுவா இருந்தாலும் இப்பவே தெரிஞ்சா வெட்டி எடுக்க வழி இருக்கு."

அவர் நாயைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கதவருகில் சற்று நேரம் நின்றார். திரும்பி வந்து நாயை மேசையில் கிடத்தினார். தன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி அதன் கண்களை மூடினார்.

"அவ பாக்க வேணாம், நான் பாத்துக்கிறேன். குத்து, தங்கச்சி."

ஊசி இறங்கி வெளியே வரும்வரை அவர் கண் இமைக்கவில்லை.