எட்டாவது கட்டம்

அந்தப் பள்ளியில் சுற்றறிக்கை மேலிருந்து கீழே இறங்கும். முதல்வர் தானே எழுதி, தானே தட்டச்சு செய்து, தாளின் அடியில் உள்ள எட்டுக் கட்டங்களில் முதலாவதில் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது கட்டம் துணை முதல்வருக்கு. முதல்வரே போட்ட பிறகு வாசித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பதால் அவர் வாசிக்க மாட்டார். இப்படியே ஏழு பேர். எட்டாவது கட்டம் நூலகருடையது. அதில் கையெழுத்து விழுந்ததும் தாள் பெற்றோருக்குப் போகும். தப்பு இருந்தால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் தலையில் விடியும்.

நூலகருக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தர ஆணை முதல்வர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வியாழக்கிழமை காலை கைக்கு வந்த ஆங்கிலச் சுற்றறிக்கையில், ஒன்பதாம் வகுப்புக்குக் கீழ்க்கண்ட பாடநூல்கள் ‘ப்ரோஸ்கிரைப்’ செய்யப்படுவதாக இருந்தது. ‘ப்ரிஸ்கிரைப்’ என்றால் படிக்கச் சொல்வது. ‘ப்ரோஸ்கிரைப்’ என்றால் தடை செய்வது. கணக்கு, அறிவியல், வரலாறு மூன்றையும் முதல்வர் ஒரே வரியில் ஒழித்துக் கட்டியிருந்தார்.

தப்பு தன்னுடையதாக இருக்கக் கூடாதா என்று நூலகர் அகராதியை மூன்று தடவை புரட்டினார். அகராதி அசைந்து கொடுக்கவில்லை.

நேரே போய்ச் சொல்லலாம்தான். போன வருடம் கணக்கு ஆசிரியர் ஒரு தேதி தப்பாக இருக்கிறது என்று நேரே போய்ச் சொன்னார். இன்றுவரை இடைவேளைகளில் கழிப்பறை வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். துணை முதல்வரிடம் போய், கண்ணாடி உடைந்துவிட்டது, கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள் என்றார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கணீரென்று ‘ப்ரிஸ்கிரைப்’ என்றே வாசித்தார். தாளில் இருந்ததை அல்ல, முதல்வர் எழுதியிருக்கக்கூடியதை. அடுத்தடுத்துப் பார்த்த ஐந்து பேரும் அப்படியே.

மிச்சம் ஒருவர்தான். முதல்வர் அறைக்குள் நுழைந்து, அதே கண்ணாடிக் கதையைச் சொல்லி நூலகர் தாளை நீட்டினார்.

தன் எழுத்தைத் தானே வாசித்துக் கேட்பது முதல்வருக்குப் பிடித்த காரியம். ரசித்து வாசித்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் குரல் நின்றது. பேனாவை எடுத்து ஓர் எழுத்தை மாற்றினார்.

“இதுல ஏதாவது தப்பு இருந்ததா யாராவது சொன்னாங்களா?”

“இல்ல சார். எல்லாரும் பாத்துத்தான் கையெழுத்து போட்டிருக்காங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“எனக்கு எங்க சார் தெரியுது? கண்ணாடிதான் இல்லையே.”

முதல்வரின் முகம் தெளிந்தது. நூலகர் மூச்சு விட்டார், கொஞ்சம் சீக்கிரமாகவே.

“அதைத்தாம்மா நானும் யோசிக்கிறேன். எழுத்தே தெரியாத ஆளை நம்பி லைப்ரரிய எப்படி நிரந்தரமா குடுக்கறது? இன்னும் ஆறு மாசம் போகட்டும், பாப்போம்.”

நிரந்தர ஆணை இழுப்பறைக்குள் போனது. முதல்வர் வேறொரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதி நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடி வேண்டும். அது கைப்பைக்குள், ஒரு கீறல்கூட இல்லாமல், துடைத்து வைத்தபடி இருந்தது.

முதல்வர் விரலால் இடத்தைக் காட்டினார். நூலகர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.