ஆண்டோவின் நாக்கு

"ஒட்ட வெச்சிடுங்க சார். நாளன்னிக்கு எந்தங்கச்சிக்குக் கல்யாணம்" என்று ஆண்டோ கைகூப்பினான். மூன்று வாரமாக வாய் திறவாதவன், திண்டிவனத்தில் இந்தப் பல் டாக்டரிடம்தான் முதன்முதலாகப் பேசினான். பாதி வார்த்தை காற்றாகப் போனது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு நுனியிலிருந்து நடுப்பகுதிவரை இரண்டாகப் பிளந்திருந்தது.

"எந்த மடையன்பா இத பண்ணான்?"

"குயிலாப்பாளையத்துல, பச்சை குத்துற எடத்துல. நாந்தான் ஸ்டைலுக்குன்னு கேட்டுப் பண்ணிக்கினேன்."

"ரெண்டு ஓரத்தையும் மறுபடி அறுத்துத்தான் தைக்கணும். வீங்கிக்கும். ஆற ஒரு மாசம் ஆவும். கல்யாணத்த முடிச்சிட்டு வா."

ஆண்டோ பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதான். வேலை பார்த்த ஓட்டலுக்கு அப்படியொரு நாக்கோடு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். கடையே அவனைத் திரும்பிப் பார்த்தது. இருபத்துநாலு வயதுவரை ஆண்டோவை யார் திரும்பிப் பார்த்தார்கள்? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அறுத்த பிறகுதான் புத்தி வந்தது.

வீட்டில், கல்யாணம் முடியும்வரை மௌன விரதம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தான். அம்மா அமலோற்பவமேரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. "தகப்பன் இல்லாத கொறய தீத்துட்டான். தங்கச்சிக்காக வாய கட்டிக்கினு கெடக்கறான்" என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் செத்துவிடலாம்போல இருந்தது. எப்படியாவது அம்மாவுக்குத் தெரியாமல் இந்தக் கல்யாணத்தைக் கடந்துவிட வேண்டும்.

பூசையைப் பற்றி அவன் பயப்படவில்லை. இப்போதெல்லாம் நற்கருணை அப்பத்தைக் கையிலேயே கொடுக்கிறார்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. எத்தனையோ கல்யாணப் பூசை பார்த்தவன், அந்த ஒன்றை மட்டும் மறந்துபோனான்.

விழுப்புரத்துக் கோயிலில் மணமக்கள் வாக்குக் கொடுத்து, தாலியும் கட்டியாயிற்று. பெண்ணுக்குச் சாட்சியாக ஆண்டோ தங்கச்சி டயானாவின் பக்கத்தில் நின்றான். அவனுக்கு அடுத்து அம்மா. சாமியார் அப்பத்தைத் திராட்சை இரசத்தில் தோய்த்தார். கல்யாண வீட்டாருக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். தோய்த்ததைக் கையில் வாங்க முடியாது. நாக்கை நீட்டித்தான் வாங்க வேண்டும். விலகினால், பெண்ணின் அண்ணன் என்ன பாவம் செய்தானோ என்று மாப்பிள்ளை வீடு பேசும்.

அவன் உதட்டை லேசாகப் பிரித்தான்.

"நல்லா நீட்டுப்பா" என்றார் சாமியார்.

நீட்டினான். பிளவைக் கவனிக்குமுன்பே அவர் அப்பத்தை வைத்துவிட்டார். அது பிளவில் வழுக்கி, சாய்ந்து, கீழே விழப் பார்த்தது. விழவிட்டிருக்கலாம், வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆண்டவரைத் தரையில் போட அவனுக்கு மனசு வரவில்லை. நாக்கின் இரண்டு துண்டும் விரல்கள் மாதிரி எழுந்து அப்பத்தைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டன.

"ஐயோ, அண்ணா!" என்று டயானா அலறினாள்.

சாமியார் அடுத்ததைத் தோய்த்து அமலோற்பவமேரியிடம் நீட்டினார். "கிறிஸ்துவின் திருவுடலும் இரத்தமும்."

அவள் ஆமென் சொல்லவில்லை, வாயும் திறக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.