நீலப் பென்சில் வட்டம்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. சுமைக்காரன் கம்பெனிக்குக் கட்டவேண்டிய மிச்சம் அது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் தோளிலிருந்து நழுவிய கண்ணாடிப் பெட்டிக்காக மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகியவன், சம்பளச் சீட்டில் தானாகப் படித்த முதல் வார்த்தையே ‘பிடித்தம்’தான்.

அன்றைக்குக் கிடங்கு ஆட்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தது அவனுடைய சகலை. கொழுந்தியாளின் புருஷன், தலைமை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, மடிப்புக் கலையாத சட்டை.

"சம்பளத்துக்கு ஒரு கணக்கு, கிடங்குக்கு ஒரு கணக்கு, விற்பனைக்கு ஒரு கணக்கு. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குத் தெரியாது. எல்லாத்துலயும் பிரதி எடுத்து, அழுக்கு நீக்கி, தேதிவாரியா ஒரே எடத்துல சேர்க்கப்போறோம். உங்க தினசரி வேலை பாட்டுக்கு நடக்கும். இதுல பழசு எதுவும் அழியாது. மொதலாளி ஒரு கேள்வி கேட்டா ஒம்பது வருஷமும் சேர்ந்து பதில் சொல்லும். அதுக்குப் பேரு தரவுக் கிடங்கு."

"அந்தக் கிடங்குல எலி உண்டா சகலை?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு மனசு குளிர்ந்தது.

"உண்டுண்ணே. ஒரே சரக்கு ரெண்டு பேர்ல நுழைஞ்சிருக்கும். அதான் எங்க எலி. பிடிக்கத்தான் உங்க பழைய பதிவேடெல்லாம் கேக்குறேன்."

சிரிப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. முதலாளிகூடப் பின்வரிசையில் நின்று தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கூரைக்குக் கீழே மூட்டை சுமந்தவனைப் பார்த்து அவர் ஒருநாளும் தலையாட்டியதில்லை. வீட்டிலும் அதே பாட்டுதான். "தங்கச்சி வீட்டுக்காரரு பேசுனா மேனேஜரே எந்திரிச்சு நிக்கிறாராமே," என்றாள் மனைவி, துணியைப் பிழிந்துகொண்டே. தங்கச்சி வீட்டில் துவைக்க மிஷின் இருந்தது.

கிடங்குப் பதிவேடுகள் ஒன்பது, வருஷத்துக்கு ஒன்று. மறுநாள் எட்டை மட்டும் சுமந்துபோய்க் கொடுத்தான். ஒன்பதாவதை மூட்டைகளுக்கு இடையில் செருகிவிட்டான். சகலையின் சட்டை ஒருநாளாவது வேர்க்கட்டும்.

வேர்க்கத்தான் செய்தது. நான்காம் நாள் வந்து நின்றான், கண்ணெல்லாம் சிவந்து.

"ஒரே ஒரு வருஷம் ஓட்டையா கெடக்குண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள சேரலைன்னா வேற ஆள வச்சுக்கிறேன்னுட்டாரு மேனேஜர்."

"தேடிப் பாக்குறேன்."

மதியம் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, மறைத்து வைத்ததில் அப்படி என்னதான் இருக்கிறதென்று பதிவேட்டை உருவிப் பிரித்தான். ஒரு பக்கத்தில் அவன் பெயர். விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்ந்தான். ‘உடைந்த பெட்டிக்கு மாற்றுச் சரக்கு வந்தது. தொகை தள்ளுபடி.’ அதைச் சுற்றி நீலப் பென்சிலில் வட்டம். பழைய மேஸ்திரியின் வழக்கம் அது. வட்டம் போட்டால் அவருக்கு விஷயம் முடிந்தது. வட்டம் எழுந்து நடந்து சம்பள ஆபீசுக்குப் போகாது என்று அவர் யோசிக்கவேயில்லை. ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெட்டி நழுவின மறுமாசமே தீர்ந்துபோன கடன்.

பதிவேட்டை மூடினான், திறந்தான். இதைக் கொடுத்தால் சகலை ஜெயிப்பான். கொடுக்காவிட்டால் இன்னும் நாலு வருஷம் பிடித்தம். சகலையின் சிவந்த கண் வேறு நடுவில் வந்து நின்றது. சாயங்காலம் மணி அடிக்கும்வரை மூட்டை தூக்கினான். ஒன்றும் கனமாகத் தெரியவில்லை, அந்தப் பதிவேட்டைத் தவிர.

"எங்கண்ணே இருந்துச்சு?" என்றான் சகலை, பதிவேட்டை வாங்கிக்கொண்டே.

"மூட்டை இடுக்குல."

சகலை அட்டையில் விரலால் தடவினான். தூசி ஒட்டவில்லை. விரலைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். அவன் விரித்துக் காட்டிய பக்கத்தைப் படித்ததும், "பிடிச்ச காசும் திரும்ப வரும்ணே," என்றான், சின்னக் குரலில்.

அந்தச் சின்னக் குரலைத்தான் தாங்க முடியவில்லை.

மாசக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்தது. "எல்லாம் தங்கச்சி வீட்டுக்காரரு புண்ணியம்," என்றாள் மனைவி. அவன் சீட்டில் விரலை ஓட்டினான். பிடித்தம் என்ற வார்த்தைக்கு நேரே ஒரு பூஜ்யம் இருந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டான்.